நான் நடத்திய தையல் மெஷின் கணக்கெடுப்பு

புதிதாக நம் வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். அனுபவம் என்றால் சாதனை என்று நினைத்துக் கேட்டிருக்கிறார்கள் போலிருக்கிறது. கோயமுத்தூரிலும் சுற்று வட்டாரத்திலும் குழந்தைகள் பாதுகாப்பு வேலையில் ஆயுசில் பாதியைக் கழித்தவள் நான். தத்து கொடுத்த வீடுகளுக்குப் போய், குழந்தை எப்படி இருக்கிறது என்று பார்த்து எழுதிய அறிக்கைகளை அடுக்கினால் ஒரு பீரோ நிறையும். அவற்றில் ஒன்றுகூட இப்போது நினைவில்லை. நன்றாக நினைவிருப்பது நான் செய்த ஒரு மடத்தனம்தான். அதை எழுதுகிறேன். விதிமுறையெல்லாம் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள், அந்தப் பக்கமே நான் போகவில்லை. பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

நான் ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. அந்தக் கட்டத்தில் நம் ஆட்களுக்கு ஒரு வியாதி வரும். எதிரில் உட்கார்ந்திருப்பவர் வாயைத் திறப்பதற்கு முன்பே அவருடைய பிரச்சினை நமக்குத் தெரிந்துவிடும். எனக்கு அது நன்றாக முற்றியிருந்தது. அப்போதுதான் பீளமேட்டிலிருந்து ஒரு அம்மாவும் மகளும் வந்தார்கள். மகள் காவ்யாவுக்கு இருபத்து மூன்று வயது. துணி பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை. கைக்குழந்தையாக இருந்தபோது தத்து வந்தவள். தன்னைப் பெற்றவரைத் தேடித் தரச் சொல்லி அரசுக்கு மனு போட வந்திருந்தாள்.

அம்மாவின் முகம் சுண்டிப் போயிருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. வளர்த்த பிள்ளை கையை விட்டுப் போய்விடுமோ என்ற பயம்! காவ்யாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, அந்த அம்மாவுக்கு முக்கால் மணி நேரம் புத்தி சொன்னேன். பாசம் பங்கு போட்டால் குறையாது என்றேன். பிள்ளைகளுடைய தேடலுக்குக் குறுக்கே நிற்கக்கூடாது என்றேன். அவர் ஒவ்வொன்றுக்கும் "சரிங்க", "ஆமாங்க", "அதுஞ் செரிதானுங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நம் பக்கத்து மரியாதை உங்களுக்குத் தெரியாததல்ல. பிடிக்காத காப்பியைக்கூட நன்றாக இருக்கிறது என்று சொல்லிக் குடிப்பவர்கள் நாம். நான் அதையெல்லாம் என் பேச்சின் வெற்றி என்று எடுத்துக்கொண்டு இன்னும் பத்து நிமிடம் பேசினேன்.

கடைசியில் அவர் மெதுவாகச் சொன்னார். "தப்பா நெனச்சுக்காதீங்க மேடம். அந்த மனுவ எழுதுனதே நாந்தானுங்க. இவ இங்கிலீஷ்ல படிச்சவ, தமிழ்ல நாலு வரி எழுதறதுக்குள்ள நாப்பது தப்பு உடுவா."

முகம் சுண்டியிருந்ததற்குக் காரணம், காலையில் பஸ்ஸில் அவருக்கு வாந்தி வந்ததுதானாம்.

அந்த வீட்டில் ஒளிவுமறைவே கிடையாது. ஐந்து வயதிலேயே மகளிடம் சொல்லிவிட்டார்கள். அவள் வீட்டுக்கு வந்த நாளில் வருடா வருடம் கச்சாயம் என்கிற இனிப்பைச் சுட்டுக் கொண்டாடுகிறார்கள். புத்தி சொல்லப்பட வேண்டிய ஆள் அந்த அறையில் ஒருவர்தான் இருந்தார், அவர் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இதில் நான் பாடம் படித்திருக்க வேண்டும். படிக்கவில்லை.

காவ்யாவை உள்ளே கூப்பிட்டு நிலைமையைச் சொன்னேன். பெற்றவர் அவளை ஒப்படைத்தபோது, தன்னை யாருக்கும் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருந்தார். அப்படி எழுதியவருடைய பெயரையோ ஊரையோ அவர் சம்மதமில்லாமல் நாம் சொல்ல முடியாது. நாம் போய்க் கேட்கலாம். மாட்டேன் என்றால் அத்தோடு முடிந்தது. காவ்யா நன்றாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"அவங்களுக்கு இப்பக் குடும்பம் இருக்கலாமுங்க. என்னால அவங்களுக்கு ஒரு கஷ்டமும் வந்தறக்கூடாது. பாக்க வேண்டாம்னு சொன்னாலும் செரிங்க, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். ஆனா அவங்க சொன்ன பதில் எனக்கு வேணுமுங்க. ஆபீஸ் எழுதுன பதில் வேண்டாம்."

ஒரு கடிதமும் தன் போட்டோ ஒன்றும் வைத்த கவரை ஒட்டாமல் என்னிடம் கொடுத்தாள்.

அவளை முதலில் வைத்திருந்த இல்லம் எப்போதோ மூடிப்போய், அதன் காகிதங்கள் ஒரு டிரங்குப் பெட்டியில் நம் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்திருந்தன. அதில் தேடி, விசாரித்து, ஆளைக் கண்டுபிடிக்க இரண்டு மாதம் ஆனது. சாந்தாமணி என்று வைத்துக்கொள்வோம். பத்தொன்பது வயதில் மில் ஹாஸ்டலில் இருந்தபோது பிள்ளை பெற்றிருக்கிறார். விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவருடைய அம்மா, அவரும் இறந்துவிட்டார். இப்போது உடுமலைப்பேட்டை தாண்டி ஒரு கிராமத்தில், கொப்பரை காயப்போடும் களத்தில் வேலை. கணவர் டெம்போ ஓட்டுகிறார். இரண்டு பையன்கள் பள்ளிக்கூடம் போகிறார்கள். மாமியார் அதே வீட்டில் இருக்கிறார். யாருக்கும் எதுவும் தெரியாது. ஆக, நான் போய் ஒரு வார்த்தை தவறிப் பேசினால் அந்தக் குடும்பம் கலைந்துவிடும். போகாமல் இருந்தால் காவ்யாவுக்குப் பதில் கிடையாது.

நம் அலுவலகத்தில் மனநல ஆலோசனை சொல்லும் ஆற்றுப்படுத்துநராக இருந்த பெண், உங்கள் வயதுதான் இருக்கும், ஒரு யோசனை சொன்னாள். களத்தில் மதியம் சாப்பாட்டுக்கு விடும் நேரத்தில் சாந்தாமணியின் போனுக்குக் கூப்பிடலாம், பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று மட்டும் முதலில் கேட்கலாம், மற்றதை அவரே எங்கே எப்போது என்று சொல்லட்டும் என்றாள். எவ்வளவு எளிதான யோசனை பாருங்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு கல்யாணத்துக்குக்கூட போனில் கூப்பிட்டால் 'ஊட்டுக்கு வந்து சொல்றதில்லையா' என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஊர் இது, இவ்வளவு பெரிய சங்கதியைப் போனில் கேட்பதா, நேரில் போவதுதான் மரியாதை என்று அவளுக்கும் ஒரு பிரசங்கம் வைத்தேன். மரியாதை தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்ற நினைப்பு.

நேரில் போவதென்றால் ஜீப்பில் போகக்கூடாது என்கிற அளவுக்கு அறிவு இருந்தது. அதற்குமேல் இல்லை. இலவசத் தையல் மெஷின் திட்டத்துக்குக் கணக்கெடுக்க வந்தவள் மாதிரி போவது என்று முடிவு செய்தேன். வீடு வீடாகப் போகலாம், நாலாவது வீடாக சாந்தாமணி வீட்டுக்குள் நுழைந்து, தண்ணீர் கேட்டு, தனியாக இரண்டு வார்த்தை பேசிவிடலாம் என்பது என் திட்டம். அதற்காக ஒரு படிவம்கூடத் தயாரித்தேன். பெயர், கணவர் பெயர், கதவு எண், தையல் தெரியுமா, குழந்தைகள் எத்தனை. கடைசிக் கேள்வியை ஏன் சேர்த்தேன் என்று கேட்காதீர்கள். அரசாங்கப் படிவம் என்றால் அது இருக்கும். பம்ப் செட்டுக்கு மனு கொடுத்தாலும் குழந்தைகள் எத்தனை என்று கேட்பவர்கள் நாம். கை தானாக அடித்துவிட்டது. அச்சாகி வந்த காகிதத்தைப் பார்த்து, பரவாயில்லை, உண்மையான படிவம் மாதிரியே இருக்கிறது என்று நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை பதினொரு மணிக்கு பஸ்ஸிலிருந்து இறங்கினேன். கைத்தறிச் சேலை, தோளில் பை, கையில் அட்டை. முதல் வீட்டில் தையல் மெஷின் என்ற சொல்லைச் சொன்னதுதான் தாமதம். இலவசமாக ஒன்று வருகிறது என்றால் நம் ஊர்களில் சேதி எப்படிப் பறக்கும் என்று இவ்வளவு வருடம் அரசு வேலை பார்த்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டுமல்லவா? இரண்டாவது வீட்டுக்கு நான் போகவே இல்லை. இரண்டாவது வீடு என்னிடம் வந்துவிட்டது. மூன்றாவதும் வந்தது. பத்து நிமிடத்தில் தெருவே ரேஷன் கார்டு ஜெராக்ஸோடு நின்றது. வார்டு உறுப்பினரின் கணவர் வந்து வேப்பமரத்தடியில் எனக்கு ஒரு பிளாஸ்டிக் சேர் போட்டார், இளநீர் வெட்டிக் கொடுத்தார், எல்லோரையும் வரிசையில் நிறுத்தினார். ஒரு பெரியவர் வீட்டிலிருந்த ஓட்டை மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து, இதைக் கொடுத்துவிட்டுப் புதுசு வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டார்.

எழுந்து ஓடவும் முடியாது. உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். பெயர் என்ன, கணவர் பெயர் என்ன, தையல் தெரியுமா, குழந்தைகள் எத்தனை. எழுத எழுத வேகம் பிடித்துவிட்டது. நாலைந்து பேருக்குப் பிறகு, உண்மையாகவே தையல் மெஷின் கொடுக்க வந்தவள் மாதிரி ஆகிவிட்டேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், ஒரு அம்மாவிடம் கதவு எண்ணைச் சரியாகச் சொல்லவில்லை என்று அதட்டக்கூடச் செய்தேன்.

பத்துப் பன்னிரண்டு பேருக்குப் பிறகு ஒரு ரேஷன் கார்டு என் கைக்கு வந்தது. பெயரைப் பார்த்தேன். சாந்தாமணி. நிமிர்ந்தேன். நாற்பது வயதுக்கு மேல், ஒல்லியான உடம்பு, களத்திலிருந்து நேராக வந்திருந்ததால் கையெல்லாம் தேங்காய் எண்ணெய்ப் பிசுக்கு. காவ்யாவின் நெற்றி அப்படியே இருந்தது. அவருக்குப் பின்னால் மாமியார் பொடிநடையாக வந்து நின்றுகொண்டார். அதற்கும் பின்னால் தெரு.

கணவர் பெயர் கேட்டேன். கதவு எண் கேட்டேன். தையல் தெரியுமா என்று கேட்டேன். அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். கார்டில்தான் பையன்களின் பெயர் இருக்கிறதே, பார்த்து எழுதிக்கொண்டிருக்கலாம். என் வாய் அதன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. "கொழந்தைங்க எத்தனை அம்மணி?" என்று கேட்டேன். அந்தத் தெருவில், அந்தப் பெண்ணிடம், அந்தக் கேள்வியைக் கேட்கக்கூடாத ஒரே ஆள் உலகத்தில் நான்தான்.

"மூணு," என்றார் சாந்தாமணி.

சொன்னதும் அவர் முகத்தில் ரத்தம் இல்லை. என் முகத்திலும் இருந்திருக்காது. பக்கத்தில் நின்ற பெண் சிரித்தாள். "ஏஞ் சாந்தா, மூணாவத எங்க ஒளிச்சு வெச்சிருக்கற?" மாமியார் சிரிக்கவில்லை. மருமகளைத் திரும்பிப் பார்த்தார். வார்டு உறுப்பினரின் கணவர் படிவத்தை எட்டிப் பார்த்தார்.

இத்தனை வருடத்தில் எத்தனையோ தகராறுகளில் உட்கார்ந்திருக்கிறேன். குழந்தையைத் தரமாட்டேன் என்று அரிவாளோடு நின்றவரிடம் பேசியிருக்கிறேன். அப்போதெல்லாம் இப்படிப் பயந்ததில்லை. யோசிக்க நேரமில்லை. என்ன சொல்கிறேன் என்று தெரியாமலே சத்தமாகச் சொன்னேன்.

"இந்த ஊர்ல எல்லாருமே ஊட்டுக்காரரையும் கொழந்தையில சேத்துத்தான் சொல்லுவீங்களாட்ட இருக்குது. பெத்ததை மட்டும் சொல்லுங்க அம்மணி."

தெரு குபீரென்று சிரித்தது. மாமியாருக்குத்தான் எல்லோரையும்விடச் சிரிப்பு. "நெசந்தானுங்க. என்ற பையனுக்குச் சோத்தைப் போட்டுக் கையில குடுக்கோணும். அவனும் கொழந்தையேதான்," என்றார். ஆளாளுக்குத் தங்கள் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்கள். நான் இரண்டு என்று எழுதி, கார்டைத் திருப்பிக் கொடுத்தேன். சாந்தாமணி வாங்கிக்கொண்டு, சிரிக்காமல், என்னையே ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் போனார்.

இதைச் சமயோசிதம் என்று சொல்லாதீர்கள். தீயை வைத்தவளே ஒரு குடம் தண்ணீரும் ஊற்றினால் அதற்குப் பாராட்டு கிடையாது. மீதி இருந்தவர்களுக்கு எப்படி எழுதினேன் என்றே தெரியவில்லை. கடைசிக் கேள்வியை மட்டும் யாரிடமும் கேட்கவில்லை. வந்த காரியத்தைக் கைவிட்டுவிட்டு, ஊருக்குப் போனதும் காவ்யாவிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே பஸ் நிறுத்தத்துக்கு வந்தேன். பசி, வெயில், அதற்குமேல் அவமானம்.

அரைமணி நேரம் கழித்து சாந்தாமணி ஒரு மஞ்சப்பையோடு வந்தார். கடைக்குப் போகிறவர் மாதிரி வந்து பக்கத்தில் நின்றார். நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லை.

"தையல் மெஷின் வராதுங்களா?" என்று கேட்டார்.

என்னால் பொய் சொல்ல முடியவில்லை. நான் அதற்காக வரவில்லை என்றேன்.

"தெரியுமுங்க. நான் மூணுன்னதும் எனக்கு முன்னால நீங்க பயந்துட்டீங்க. மெஷின் குடுக்க வந்தவங்க எதுக்குங்க பயப்படோணும்?" சாலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "நல்லாருக்காளாங்க?"

நன்றாக இருக்கிறாள் என்றேன். படித்திருக்கிறாள், வேலைக்குப் போகிறாள், வளர்த்தவர்கள் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்றேன். அவளே மனு போட்டிருக்கிறாள், ஒருமுறை பார்க்க ஆசைப்படுகிறாள், சம்மதமா இல்லையா என்று கேட்டுப் போகத்தான் வந்தேன், இல்லை என்று சொன்னாலும் யாரும் தொந்தரவு செய்ய மாட்டோம் என்றேன். கடிதம் ஒன்று இருக்கிறது, வேண்டுமானால் வாங்கிக்கொள்ளலாம் என்றேன். முதல்முறையாக அன்றைக்குச் சுருக்கமாகப் பேசினேன்.

கடிதத்தை அங்கேயே நின்று இரண்டு முறை படித்தார். போட்டோவைக் கையில் வாங்கவில்லை, எண்ணெய்ப் பிசுக்கு பட்டுவிடும் என்று என்னையே பிடித்துக் காட்டச் சொன்னார். பஸ் வந்தது. நான் ஏறவில்லை. பஸ் போனபிறகு கடிதத்தை மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார். வீட்டில் இதை வைக்க ஓர் இடம் கிடையாது என்றார்.

"பாக்கறது முடியாதுங்க. அவருகிட்டச் சொல்ற தைரியம் எனக்கு இன்னும் வல்லீங்க. பசங்க இன்னுஞ் சின்னது," என்றார். அழுதார், ஆனால் முந்தானையால் துடைத்துக்கொள்ளவில்லை. தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரிந்துவிடுமே. சம்மதம் இல்லை என்ற தாளில் கையெழுத்துப் போட்டார். மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு நாலடி போனவர் திரும்பி வந்தார்.

"யார் கேட்டாலும் ரெண்டுன்னுதானுங்க இத்தன வருசமாச் சொல்லிட்டிருக்கறன். பையனுகளப் பள்ளிக்கூடத்துல சேக்கறப்பச் சொன்னன், ஆசுபத்திரியில சொன்னன். ஒருக்காகூட வாய் தவறுனதில்ல. ஆனா மனசுக்குள்ள மூணுதானுங்க எண்ணுவன். இன்னிக்கு எப்படியோ வெளிய வந்துபோச்சு. மத்தத நீங்க எப்படி வேணாச் சொல்லிக்கோங்க. இத மட்டும் அவகிட்ட அப்படியே சொல்லிப்போடுங்க."

அந்த அறுபத்துச் சொச்சம் படிவங்களையும் நான் கிழித்துப் போடவில்லை. மாவட்டத்தில் தையல் மெஷின் உண்மையாகவே கொடுக்கிற துறைக்குக் கொண்டுபோய், நடந்ததில் பாதியைச் சொல்லி, திட்டு வாங்கினேன். ஓய்வுக்கு மீதியிருந்த மாதமெல்லாம் அங்கே போய் நின்று, தகுதியானவர்கள் சிலருக்குக் கிடைக்கும்படி செய்தேன். அந்த ஊருக்குள் நான் மறுபடி போகவே இல்லை.

காவ்யாவையும் அவள் அம்மாவையும் வரச் சொன்னேன். சம்மதம் இல்லை என்பதை முதலில் சொன்னேன். காவ்யா தலையாட்டினாள். எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள் என்று தெரிந்தது. பிறகு அந்த மற்ற விஷயத்தைச் சொல்லலாமா என்று உள்ளுக்குள் ஒரு சண்டை. ஊர், பெயர், குடும்பம் எதையும் சொல்லக்கூடாது. பையன்கள் இருப்பதே ஒரு தகவல்தானே? விதிமுறைப் புத்தகத்தில் இதற்குப் பதில் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. சொன்னவர் சொல்லச் சொல்லித்தான் சொன்னார் என்று முடிவு செய்தேன். அதற்கு நான் பொறுப்பு, இன்றைக்குக் கேட்டாலும் அதையே சொல்வேன்.

நான் போட்ட வேடம், வரிசை, என் முட்டாள்தனமான கேள்வி எல்லாவற்றையும், ஊரை மட்டும் விட்டுவிட்டு, சொன்னேன். ஓட்டை மெஷின் பெரியவர் வந்தபோது அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. பெற்றவர் மூணு என்று பதில் சொன்னதைச் சொன்னேன். மனசுக்குள் மூணுதான் எண்ணுவேன் என்று அவர் பஸ் நிறுத்தத்தில் சொன்னதையும் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

காவ்யா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். விரலை விட்டு எண்ணுகிறவள் மாதிரி தன் கையைப் பார்த்தாள்.

"அப்ப நாந்தானுங்களே மூத்தவ?"

ஆமாம் கண்ணு என்றேன். இத்தனை வருடம் ஊருக்கெல்லாம் பிரசங்கம் செய்தவள், அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொண்டேன்.

அவள் அம்மாதான் மகளின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார். "பாருங்க மேடம். ஒத்தப் புள்ளையின்னு இத்தன நாளாச் செல்லங் குடுத்துக் கெடுத்து வெச்சிருக்கறன். இப்ப அக்காளாயிட்டா."